மாமாவுக்கு நான் வச்ச ஆப்பு

நாகர்கோவில் வடசேரியில சிப்ஸ் கடை வச்சிருக்கிற மாமா, ஆன்லைன்ல விக்க ஆப் செய்ய ஆள் பார்க்கச் சொன்னது என்கிட்டதான். பளபளன்னு பழைய வேலைகளைக் காட்டின ஒரு டிசைன் கம்பெனியைக் கைகாட்டிட்டேன். ஒன்றரை லட்சம்.

வந்துச்சு ஆப்பு! திறந்ததுமே ஈமெயில் கேட்டது. நேந்திரங்காய் சிப்ஸ் மூணாவது பக்கத்துல ஒளிஞ்சிருந்தது. ரெண்டு மாசத்துல ரெண்டே ஆர்டர்; அதுல ஒண்ணு நான் போட்டது (ஹி.. ஹி..).

"மக்களே, அவனுவள்ல ஒருத்தனாவது நம்ம கடையில வந்து நின்னு பாத்தானா?"ன்னார் மாமா. சுருக்குன்னுச்சு.

அஞ்சு பேரை உபயோகிக்க வச்சுப் பார்த்தாலே சுமார் 85 சதவீதக் குறை தெரிஞ்சிடும்னு ஜேக்கப் நீல்சன் 2000-லேயே எழுதிட்டார். படிச்சிருந்தும் கோட்டை விட்டேன்.

இந்தத் தடவை மூணு கம்பெனிகிட்ட பேசினேன். பழைய படமெல்லாம் கேக்கலை. 'யாரை வச்சு சோதிப்பீங்க?' அவ்வளவுதான். ரெண்டு பேர் முழிச்சாங்க. மூணாவதா வந்த பொண்ணு மட்டும், "முதல்ல ரெண்டு நாள் உங்க கடையில உட்காரணும் சார்"ன்னாங்க. உட்கார்ந்தாங்க. போன்ல பாதிப்பேர் 'போன தடவை மாதிரியே'ன்னுதான் ஆர்டர் சொல்றாங்களாம். அதுக்கே ஒரு பட்டன் வரையப் போறாங்க.

மாமா அத்தையோட மொபைலை நீட்டினார். "இவகிட்ட இருந்து தொடங்கு பிள்ளே."