பின்னால் வருகிறவனுக்கு ஒரு விளக்கு

உங்கள் வண்டியில் உங்களுக்குப் பயன்படாத பொருள் ஒன்று இருக்கிறது. என்னவென்று சொல்லுங்கள் பார்க்கலாம்?

ஹாரனா? சேச்சே, அது இல்லாமல் நம்மால் தெருமுனைகூடத் தாண்ட முடியாது. ஸ்டெப்னியா? பஞ்சரான அன்றைக்கு அதுதான் தெய்வம்.

பிரேக் லைட்!

காசு கொடுத்து வாங்கியது நீங்கள். எரிவது உங்கள் பேட்டரியில். ஆனால், ஓட்டும்போது ஒருநாளும் அதை நீங்கள் நேராகப் பார்க்க முடியாது. முன்பின் தெரியாத யாரோ ஒருவருக்காக நீங்கள் சுமந்துகொண்டு திரிகிற விளக்கு அது.

இந்த ஞானம் எனக்கு சர்தார் பட்டேல் சாலையில், சாயங்காலம் நாலரை மணிக்குப் பிறந்தது.

என் நண்பனின் அப்பாவிடம் ஒரு ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் இருக்கிறது. 1965-ஆம் வருட மாடல். ஹெரால்டு ஞாபகம் இருக்கிறதா? 60-களில் நம்ம சென்னையிலேயே தயாரான கார். அதன் சேஸிஸை வெட்டிக் குறைத்து, ஹெரால்டுக்கு டிசைன் போட்ட அதே இத்தாலிக்காரர் மிகெலாட்டி உடம்பு வரைந்து கொடுக்க, 1962-ல் இங்கிலாந்தில் வெளிவந்த ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார்தான் ஸ்பிட்ஃபயர். உயரம் நாலடிகூடக் கிடையாது. பஸ் டிரைவரின் கண்ணுக்கு, ஓடுகிற செருப்பு மாதிரி தெரியும்.

சார் (நாங்கள் எல்லோருமே அவரை அப்படித்தான் கூப்பிடுவோம்) வங்கி மேனேஜராக இருந்து ரிட்டையர் ஆனவர். வயது 74. ஒரு ஷெட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த காரை வாங்கி, பன்னிரண்டு வருடம் பாடுபட்டு உயிர் கொடுத்தவர். அதில் ஒரு ஸ்க்ரூவை மாற்றச் சொன்னால்கூட அவருக்குக் கோபம் வரும். "ஒரிஜினல் கெட்டுடும்ப்பா!"

அன்று கிண்டியிலிருந்து அடையாறு நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். பக்கத்து சீட்டில் நான். திடீரென்று குறுக்கே ஒரு நாய். சார் பிரேக்கை மிதித்தார். நாய் பிழைத்தது. பின்னால் 'டமால்' என்று சத்தம்.

திரும்பிப் பார்த்தால், சாப்பாடு டெலிவரி செய்கிற பையன் ஒருவன் ரோட்டில் உட்கார்ந்திருக்கிறான். பைக் ஒரு பக்கம், சாம்பார் ஒரு பக்கம். இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அவன் சொன்ன முதல் வார்த்தை:

"பிரேக் லைட்டே எரியலையே சார்..."

"எரிஞ்சுதுப்பா! காலையிலதான் செக் பண்ணேன்" என்றார் சார். பொய் இல்லை. காலையில் இருட்டான ஷெட்டில் பார்த்திருக்கிறார். எரிந்திருக்கிறது.

எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. ஆஸ்பத்திரிச் செலவைச் சார்தான் கட்டினார். ஆனாலும் ராத்திரி போனில் என்னிடம், "பின்னால வந்து இடிச்சவன் மேலதானேப்பா தப்பு? சட்டமே அப்படித்தானே பார்க்கும்?" என்று நாலு தடவை கேட்டார். நாலு தடவை கேட்கிறார் என்றாலே, மனசு வேறு என்னவோ சொல்கிறது என்றுதான் அர்த்தம்.

மறுநாள் சாயங்காலம் அதே நாலரை மணிக்கு, காரின் பின்பக்கத்தை மேற்கே பார்த்து நிறுத்தச் சொன்னேன். இருபதடி தள்ளி நின்றுகொண்டேன்.

"சார், பிரேக்கைப் போடுங்க."

பதில் இல்லை.

"சார், போடுங்க!"

"போட்டு ஒரு நிமிஷம் ஆச்சுப்பா!"

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மேற்கு வெயில் நேராக அந்தச் சின்ன சிவப்புக் கண்ணாடிமேல் விழுந்து, அது எப்போதும் எரிவது போலவே இருந்தது. பிரேக் போட்டாலும் போடாவிட்டாலும் வித்தியாசம் தெரியவில்லை. பிறகு அவர் வந்து நின்றார். நான் மிதித்தேன். ரொம்ப நேரம் பேசாமல் நின்றவர், "அந்தப் பையன் சொன்னது சரிதான்" என்றார்.

அடுத்த நாளே புதுப்பேட்டை. எனக்குத் தெரிந்த எலெக்ட்ரீஷியன் பாய் ஒருவர் இருக்கிறார். காமர்ஸ் படித்த எனக்கு மின்சாரம் என்றால் பில் கட்டுவது மட்டும்தான். எனக்கே புரிகிற மாதிரி சொன்னார்.

"பல்பு பழுசு இல்லை சார். கரன்ட்டுக்குப் போற வழி சரியா இருக்கு. திரும்பி வர்ற வழிதான் துரு."

மீட்டர் வைத்துக் காட்டினார். பதிமூன்றரை வோல்ட் இருக்கவேண்டிய இடத்தில் பதினொன்றுதான். ரெண்டரைதானே குறைவு என்று நினைக்காதீர்கள். இழை பல்பில் வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தாலே வெளிச்சம் தடாலென்று விழுந்துவிடும். பதினொன்றுக்கு வந்தால், வெளிச்சம் ஏறக்குறைய பாதிதான். அந்தப் பாதியும், உள்ளே வெள்ளிப்பூச்சு கறுத்துப்போன கிண்ணத்தில் பட்டு, அறுபது வருட வெயிலில் வெளுத்த கண்ணாடி வழியாக வரவேண்டும். கம்பெனியைக் குறை சொல்லி என்ன புண்ணியம்? எல்லாம் வயசுக் கோளாறு.

பாய் துருவைச் சுரண்டினார். புதிதாக எர்த் ஒயர் இழுத்தார். கிண்ணத்துக்குள் பளிச்சென்று வெள்ளி பெயின்ட் அடித்தார். அதிலேயே முக்கால்வாசி வேலை முடிந்தது. செலவு? நல்ல ஓட்டலில் மூணு பேர் டிபன் சாப்பிடுகிற காசு.

அப்புறம் எல்.ஈ.டி. பல்பு. வெள்ளை பல்பைப் போடலாம் என்றேன், சிரித்தார். "சிவப்புக் கண்ணாடிக்குள்ள வெள்ளை எல்.ஈ.டி. வெச்சா, பாதி வெளிச்சம் கண்ணாடியிலேயே செத்துப்போயிடும். சிவப்புக்கு சிவப்புதான்." இன்னொன்றும் சொன்னார். இந்த வயது பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியோடு சேர்ந்திருக்கும். நம் கார்களுக்கு நேர் தலைகீழ். அதற்கென்று இருக்கிற எல்.ஈ.டி.யைப் பார்த்து வாங்காவிட்டால் எரியாது. சாதாரண டெயில் வெளிச்சத்துக்கும் பிரேக் வெளிச்சத்துக்கும் பளிச்சென்று வித்தியாசம் தெரிகிற பல்பாகவும் இருக்கவேண்டும். ரெண்டும் ஒரே மாதிரி எரிந்தால், போட்டதே வீண்.

எல்.ஈ.டி.யில் இன்னொரு லாபம். இழை பல்பு சூடேறி முழுசாக எரிய ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு பிடிக்கும். எல்.ஈ.டி. மிதித்தவுடன் எரியும். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவனுக்கு அது மூன்று மீட்டருக்கும் மேலே. ஒரு பைக்கைக் குறுக்கே நிறுத்தினாலும் மிச்சமிருக்கும் இடம்!

கடைசியாக மூன்றாவது விளக்கு. இதற்குத்தான் சார் மல்லுக்கு நின்றார். "என் டிக்கியில ஓட்டை போடுவியா?"

அவருக்கு ஒரு கதை சொன்னேன். அமெரிக்காவில் ஜான் வோவோட்ஸ்கி என்ற உளவியல்காரர், சான்ஃபிரான்சிஸ்கோவில் 343 டாக்ஸிகளின் பின்பக்கம் நடுவில் கூடுதலாக ஒரு பிரேக் விளக்கை மாட்டிவிட்டார். அந்த விளக்கு இல்லாத டாக்ஸிகளோடு ஒப்பிட்டால், பின்னாலிருந்து இடி வாங்குவது 60 சதவீதம் குறைந்தது. 1986 மாடலிலிருந்து அமெரிக்காவில் புது கார்களுக்கெல்லாம் அது கட்டாயமாகிவிட்டது. எல்லோரும் மாட்டி, எல்லோர் கண்ணும் பழகிய பிறகு, பலன் 4.3 சதவீதத்தில் வந்து நின்றது என்று 1998-ல் அந்த நாட்டு அரசாங்கமே கணக்குச் சொன்னது.

"அறுபது எங்கே, நாலு எங்கே?" என்றார் மேனேஜர்.

"வட்டி குறைஞ்சுதுன்னு டெபாசிட்டையே வேண்டாம்னு சொல்லுவீங்களா சார்?" என்றேன். சிரித்துவிட்டார்.

வழி கண்டுபிடித்தவர் பாய்தான். மெல்லிசான சிவப்பு எல்.ஈ.டி. பட்டையின் அடியில் காந்தம், கீறல் விழாமலிருக்க நடுவில் மெல்லிய ரப்பர். இரும்பு டிக்கியின்மேல் ஒட்டிக்கொள்ளும். ஒயர் டிக்கி இடுக்கு வழியாக உள்ளே போய்விடும். ஷோவுக்குப் போகிற அன்று கழற்றி வைத்துவிடலாம். ஒரு ஓட்டைகூடப் போடவில்லை.

ஆறு வாரம் கழித்து, மாவுக்கட்டு பிரித்ததும் சார் அந்தப் பையனை வீட்டுக்குக் கூப்பிட்டார். வேலை இல்லாத நாட்களுக்கான பணத்தை ஒரு கவரில் கொடுத்தார். பையன் தயங்கினான். "நான்தானே சார் வந்து இடிச்சேன்?"

"இல்ல தம்பி. நான் உங்கிட்ட சொல்லாம நின்னுட்டேன்" என்றார் சார்.

பிறகு அவனை வெயிலில் காருக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, தானே போய் உட்கார்ந்து மிதித்தார். "தெரியுதா தம்பி?"

"கண்ணு கூசுது சார்!"

உங்களுக்கு ஸ்பிட்ஃபயர் வேண்டாம். ஸ்கூட்டி இருக்கும், பழைய மாருதி இருக்கும், அப்பா ஓட்டிய பைக் இருக்கும். நம் நாட்டில் 2022-ல் நடந்த சாலை விபத்துகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று, பின்னாலிருந்து மோதியது. அதனால், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு வேலை செய்யுங்கள். ராத்திரியில் செய்யாதீர்கள், இருட்டில் மெழுகுவத்திகூடப் பிரகாசம்தான். நல்ல வெயிலில் வண்டியை நிறுத்தி, வீட்டில் யாரையாவது இருபதடி பின்னால் நிற்கச் சொல்லி, பிரேக்கைப் போடுங்கள்.

"போடுங்க" என்று அவர் ரெண்டாவது தடவை சொன்னால், நேரே எலெக்ட்ரீஷியன் கடைக்குப் போய்விடுங்கள்.