வாயின் சொல்லும் பாதத்தின் திசையும்



"நாய் வாலை நிமிர்த்த முடியுமா?" என்னும் பழமொழியை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம், பலர் சொல்லியும் இருக்கிறோம். பெரும்பாலும் அது நாயைக் குறித்துச் சொல்லப்படுவதில்லை. சொல் கேளாத மகனைக் குறித்தும், குடியை விடாத தம்பியைக் குறித்தும், எத்தனை முறை எடுத்துரைத்தும் மாறாத ஒருவரைக் குறித்துமே சொல்லப்படுகிறது. "இனி இவனிடம் பேசிப் பயனில்லை" என்பதை நாகரிகமாகச் சொல்லும் வழி அது. அப்படிச் சொல்லிவிட்டால் நம் பொறுப்பு முடிந்துவிடுகிறது. குறை முழுவதும் வாலின்மேல் விழுந்துவிடுகிறது.

நாய்களோடு உண்மையாகவே பழகி, அவற்றைப் பயிற்றுவிக்கிறவர்கள் குறையை எங்கே தேடுகிறார்கள் என்பதை இந்த வாரம் உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

மேலைநாடுகளில் 'அஜிலிட்டி' என்றொரு போட்டி உண்டு. தடைகள் பல அமைந்த களத்தில் நாய் ஓட, அதன் எஜமானர் கூடவே ஓடி வழிகாட்டும் விளையாட்டு அது. அது தோன்றிய வரலாறு எளியது. 1978ஆம் ஆண்டு லண்டனில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், முக்கிய நிகழ்ச்சிகளுக்கு நடுவே இருந்த இடைவேளையை நிரப்ப ஏதேனும் வேண்டியிருந்தது. கண்காட்சிக் குழுவைச் சேர்ந்த ஜான் வார்லி என்பவர், பயிற்சியாளர் பீட்டர் மீன்வெல்லின் உதவியை நாடினார். குதிரைகள் தடை தாண்டும் போட்டியை முன்மாதிரியாகக் கொண்டு அவர்கள் ஒரு களத்தை அமைத்தார்கள். இடைவேளைக்கென்று வைத்த காட்சி மக்களின் மனத்தைக் கவர்ந்துவிட்டது. 1980இல் இங்கிலாந்தின் கென்னல் கிளப் அதை முறையான போட்டியாக ஏற்றுக்கொண்டது. 1996 முதல் உலகச் சாம்பியன் போட்டியும் நடைபெற்று வருகிறது.

களத்தில் ஏறத்தாழ 20 தடைகள் இருக்கும். தாண்டுவதற்குக் குறுக்குக் கம்பிகள். நுழைந்து வெளியேறத் துணியாலான நீண்ட குழாய். ஏறி இறங்கக் கூரை வடிவில் சாய்த்த பலகைகள். ஓரடி அகலமே உள்ள உயர்ந்த பாலம். நடுவில் தாங்கி நிறுத்திய சீசா பலகை. 60 சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசையாக நட்ட 12 கம்பங்கள். அந்தக் கம்பங்களுக்கிடையே நாய் பாம்புபோல் வளைந்து வளைந்து செல்ல வேண்டும். முதல் கம்பம் அதன் இடத்தோளின் பக்கம் இருக்கும்படியே நுழைய வேண்டும். பலகைகளின் அடிப்பகுதி வேறு வண்ணத்தில் தீட்டப்பட்டிருக்கும். இறங்கும்போது அந்த வண்ணத்தில் பாதம் படாமல் குதித்துவிட்டால் குற்றப்புள்ளி. வரிசை தவறி வேறொரு தடைக்குப் போய்விட்டால் போட்டியிலிருந்தே நீக்கம். இவ்வளவும் பெரும்பாலும் ஒரு நிமிடத்திற்குள் முடிந்துவிடும்.

இதில் கவனிக்கத்தக்க விதி ஒன்று உண்டு. ஓட்டம் தொடங்குமுன் கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும். களத்தினுள் நாயைத் தொடக்கூடாது. கையில் தின்பண்டமோ விளையாட்டுப் பொருளோ இருக்கக்கூடாது. இழுத்துச் செல்லவும் வழியில்லை. ஆசை காட்டவும் வழியில்லை. எஜமானருக்கு மிஞ்சியிருப்பவை தம் குரலும் தம் உடலும், அதுவரை இருவருக்குமிடையே வளர்ந்திருக்கும் நம்பிக்கையுமே.

சில ஆண்டுகளுக்கு முன், இறையியல் படிப்பிற்காக நான் இங்கிலாந்தில் தங்கியிருந்த காலத்தில், அடுத்த வீட்டில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் தனியாக வாழ்ந்துவந்தார். கணவரை இழந்தவர். ஆடு மேய்ப்பதற்கென்று வளர்க்கப்பட்ட பார்டர் காலி இனத்து நாய் ஒன்று அவருக்குத் துணை. அதனோடு அவர் அஜிலிட்டி பயிற்சிக்குச் செல்வார். சில சனிக்கிழமைகளில் என்னையும் அழைத்துச் செல்வார். புல்வெளியின் ஓரத்தில் மடக்கு நாற்காலியில் அமர்ந்து நான் கண்டவற்றுள் மூன்று காரியங்கள் இன்றும் என் ஊழியத்திற்கு உதவுகின்றன.

முதலாவது, நாய் ஓடுமுன் எஜமானர் நடக்கிறார்.

தடைகளின் வரிசையை நடுவர் ஒவ்வொரு போட்டிக்கும் புதிதாக அமைக்கிறார். போட்டி நாள்வரை யாருக்கும் அது தெரியாது. தொடங்குமுன் சில நிமிடங்கள் எஜமானர்கள் மட்டும் களத்திற்குள் அனுமதிக்கப்படுவார்கள். நாய்கள் வெளியே காத்திருக்கும். இருபது முப்பது பேர் நாயில்லாமலே, நாய் அருகில் இருப்பதுபோல் கை நீட்டிக்கொண்டும், திரும்பிக்கொண்டும், மெல்லிய குரலில் தமக்குள் பேசிக்கொண்டும் நடப்பார்கள். முதன்முறை பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் அவர்கள் எண்ணிப் பார்ப்பது ஆழமான காரியம்: "இந்த இடத்தில் என் நாயின் கண்ணுக்கு எது தெரியும்? அந்தக் குழாயின் வாய் அதை ஈர்க்குமே, அப்போது நான் எங்கே நிற்க வேண்டும்?" மனிதனின் உயரத்திலிருந்து பார்த்தால் போதாது என்று, குனிந்து நாயின் உயரத்திலிருந்து பார்க்கிறவர்களும் உண்டு.

நாய்க்கு அந்தப் பாதை தெரியாது. ஒவ்வொரு தடையையும் எப்படிக் கடப்பது என்று அது கற்றிருக்கிறது; எதற்குப்பின் எது என்பதை அறியாது. தனக்கு முன்னே ஒருவர் அதை நடந்து பார்த்திருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான் அது பாய்ந்து ஓடுகிறது. நல்ல மேய்ப்பன் மந்தைக்குப் பின்னால் நின்று விரட்டுகிறவன் அல்லன், முன்னே நடக்கிறவன் என்று நாம் சுவிசேஷத்தில் வாசித்திருக்கிறோம் அல்லவா? நாம் நடந்திராத வழியில் நம் பிள்ளைகளை ஓடச் சொல்லும்போதெல்லாம் இதை நினைவுகூர வேண்டும்.

இரண்டாவது, நாய் வாயின் சொல்லைவிட உடலின் சொல்லைக் கேட்கிறது.

ஒரு நாள் பயிற்சியில் நான் கண்டது இது. ஒருவர், "தாண்டு! தாண்டு!" என்று உரக்கக் கூவினார். அவருடைய நாயோ கம்பியைத் தாண்டாமல், பக்கத்திலிருந்த குழாய்க்குள் புகுந்து மறுபுறம் வந்து வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. அவர் சலித்துக்கொண்டார். பயிற்சியாளர் அவரை நிற்கச் செய்து, அவருடைய பாதங்களைப் பார்க்கச் சொன்னார். இரு பாதங்களும் குழாயை நோக்கியிருந்தன. தோள்களும் அப்படியே. அடுத்த திருப்பத்தைப் பற்றிய கவலையில், வாய் ஒரு திசையைச் சொல்லிக்கொண்டிருக்க, உடல் வேறொரு திசையில் சாய்ந்துவிட்டது. நாய் கீழ்ப்படியாமற்போகவில்லை, உண்மையில் மிகச் சரியாகக் கீழ்ப்படிந்திருந்தது. அது கேட்ட கட்டளைதான் வேறு.

வேகமாக ஓடும் நாய் எஜமானரின் தோள், இடுப்பு, பாதம், பார்வை ஆகியவை காட்டும் திசையைப் படித்தே முடிவெடுக்கிறது. சைகை ஒரு நொடி தாமதித்தாலும் போதும். நாய் அதற்குள் வேறு தடைக்குத் தன்னை ஒப்புக்கொடுத்திருக்கும். ஆகவே தேர்ந்தவர்கள் ஓட்டம் தவறினால் நாயைக் கடிந்துகொள்வதில்லை. ஒளிப்பதிவைத் திரும்பத் திரும்பப் பார்த்து, தம் பாதம் எங்கே இருந்தது என்று தேடுகிறார்கள்.

இதை எழுதும்போது, அண்மையில் என்னைச் சந்தித்த தகப்பனார் ஒருவரை நினைக்கிறேன். அவருடைய அனுமதியோடு இதைக் குறிப்பிடுகிறேன். பதினாறு வயது மகன் தம்மோடு பேசுவதில்லை, எப்போதும் கைபேசியே கதி என்று கண்ணீரோடு சொன்னார். தினமும் புத்தி சொல்கிறேன், ஒன்றும் ஏறவில்லை, நாய் வால்தான் என்றார். நான் அந்த நாய்க்களத்தைப் பற்றி அவரிடம் சொன்னேன். பாதங்கள் குழாயை நோக்கியிருந்த மனிதரைப் பற்றிச் சொன்னபோது அவர் நெடுநேரம் மௌனமாயிருந்தார். பிறகு தாமாகவே, வேலை முடிந்து வீடு திரும்பியதும் தம் கையிலும் இரவு உணவுவரை கைபேசிதான் இருக்கிறது என்றார். மகன் பேச வந்த நாட்களில், திரையைவிட்டுக் கண்ணெடுக்காமலே "சொல்லு" என்றிருக்கிறாராம். பையன் கேளாதவன் அல்லன். தகப்பனின் வாயைக் கேட்கவில்லை. தகப்பனின் கண்ணைக் கேட்டிருக்கிறான்.

மூன்றாவது, பயத்தைக் கட்டளையால் வெல்ல முடியாது.

அடுத்த வீட்டு அம்மையாரின் நாய் எல்லாத் தடைகளையும் மகிழ்ச்சியோடு கடக்கும், சீசா பலகையைத் தவிர. இளவயதில் அதைப் பாலம் என்று எண்ணி வேகமாக ஏறியிருக்கிறது. பாலமும் சீசாவும் தொடக்கத்தில் நாயின் கண்ணுக்கு ஒரேமாதிரியான ஏறுபலகைதான். நடுவைத் தாண்டியதும் பலகை காலடியில் சரிந்து, 'டமார்' என்று தரையில் மோதியிருக்கிறது. அன்றிலிருந்து அந்தப் பலகையைக் கண்டாலே காதுகள் மடங்கிவிடும்.

அம்மையார் அதை இழுத்து ஏற்றவில்லை. தம் தோட்டத்தில் வெறும் பலகை ஒன்றைத் தரையில் போட்டார். நாய் அதன்மேல் பாதம் வைத்தபோது ஒரு துண்டு இறைச்சி. சில நாள் கழித்துப் பலகையின் அடியில் ஒரு சிறு கட்டை. பலகை சற்றே ஆடும், மெல்லத் தட்டும். தட்டும் ஓசை கேட்ட நொடியிலேயே இன்னொரு துண்டு. பயமுறுத்திய அதே ஓசை, நல்லது வருகிறது என்பதற்கு அடையாளமாக மாற வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். நாளுக்கு ஐந்து நிமிடம், அதற்குமேல் இல்லை. விரல் அளவாக உயரம் கூடியது. நாய் தயங்கிய நாளில் முந்தைய உயரத்திற்கே திரும்புவார். குளிர்காலம் முழுவதும் இது நடந்தது.

வசந்தத்தில் ஒரு போட்டி. நானும் சென்றிருந்தேன். நாய் காற்றைப்போல் ஓடியது. முதல் 13 தடைகளில் ஒரு குற்றப்புள்ளியும் இல்லை. 14ஆவது, சீசா. நாய் அதன் முன் நின்றது, காதுகள் மடங்கின. அம்மையாரின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தது. அந்த ஒரு நொடியில் அவர் முன் இரண்டு வழிகள் இருந்தன. குரலை உயர்த்தி வற்புறுத்தியிருந்தால் ஒருவேளை ஏறியிருக்கும், பரிசும் கிடைத்திருக்கும். சீசாவை விட்டுவிட்டு அடுத்த தடைக்குப் போனால் நீக்கம் உறுதி. அவர் புன்னகையோடு உடலைத் திருப்பி, அடுத்த தடையைக் காட்டினார். நாய் துள்ளிப் பாய்ந்து மீதியை ஓடி முடித்தது. நீக்கப்பட்டதாக நடுவர் கை உயர்த்தினார். அம்மையாரோ எல்லைக்கோட்டுக்கு வெளியே மண்டியிட்டு, வெற்றி பெற்றதற்குச் செய்வதுபோலவே நாயைத் தழுவிக்கொண்டார்.

வருத்தமில்லையா என்று கேட்டேன். பரிசு எந்தச் சனிக்கிழமையும் கிடைக்கும், தம் முகத்தைப் பார்த்து உதவி கேட்ட ஒன்றை ஏமாற்றிவிட்டால் அதைத் திரும்பப் பெறுவது கடினம் என்ற பொருளில் பதில் சொன்னார். அந்தக் கோடையின் முடிவில், நான் ஊர் திரும்புமுன், அந்த நாய் சீசாவில் ஏறி, நடுவில் நின்று, பலகை தரையைத் தொடும்வரை காத்திருந்து இறங்கியதைக் கண்டேன். அது போட்டி அல்ல; சாதாரணப் பயிற்சி நாள்தான். கைதட்ட நாங்கள் நான்கு பேரே இருந்தோம்.

பிரியமானவர்களே, 32ஆம் சங்கீதத்தில் இருவகை நடத்துதல் அருகருகே வைக்கப்பட்டிருக்கிறது. ஒன்று, குதிரைக்கும் கோவேறு கழுதைக்கும் மாட்டும் கடிவாளத்தின் வழி. மற்றொன்று, நம்மேல் பார்வையை வைத்து வழிகாட்டுகிற கர்த்தரின் வழி. கடிவாளத்திற்கு உறவு தேவையில்லை, பலம் போதும். பார்வையால் நடத்துவதற்கோ, நடத்துகிறவரும் நடத்தப்படுகிறவரும் ஒருவர் முகத்தை ஒருவர் அறிந்திருக்க வேண்டும். ஆண்டவர் நம்மை இரண்டாவது வழியில் நடத்த விரும்புகிறார். அப்படியானால் நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவர்களை நாம் ஏன் முதல் வழியில் நடத்துகிறோம்?

பெற்றோரே, ஆசிரியர்களே, ஞாயிறு பள்ளியில் ஊழியம் செய்கிறவர்களே, உங்களிடம் யாரோ ஒருவர் ஒப்படைக்கப்பட்டிருக்கிறார். அவர் மாறவில்லை என்று சோர்ந்துபோகுமுன் இந்த வாரம் மூன்று கேள்விகளை உங்களிடமே கேட்டுப் பாருங்கள். அவரை ஓடச் சொல்லும் வழியில் நான் நடந்திருக்கிறேனா? என் வாய் சொல்லும் திசையையே என் பாதமும் காட்டுகிறதா? அவர் பயந்து என் முகத்தைப் பார்த்த நாளில், என் முகத்தில் எதைக் கண்டார்?

வாலை நிமிர்த்தும்படி நம்மிடம் யாரும் கேட்கவில்லை. அந்த அம்மையாரின் நாய்க்கும் வால் கடைசிவரை வளைந்தேதான் இருந்தது. ஓடும்போது அது அவ்வளவு அழகாயிருந்தது.

கர்த்தர்தாமே உங்களையும் உங்கள் வீட்டாரையும் தம் கண்களின் முன்பாகக் காத்து நடத்துவாராக. ஆமென்.