பழனிப் படியில் ஒரு பூகர்ப்பப் பாடம்

பொழுது புலரும் வேளையில் நாம் பழனி மலையேறத் தொடங்கினோம். விஞ்சும் ரோப் காரும் இருக்கின்றன. ஆயினும் 693 படிகளையும் காலால் அளக்கும் திருப்தி அவற்றில் ஏது? பாதி வழியில் இளைப்பாறியபோது, உடன் வந்த சிறுவன் பாறையைத் தட்டி, "இது முன்னே எரிமலையா, மாமா?" என்றான்.

"இடும்பன் காவடியாய்த் தூக்கி வந்த மலையடா!" என்றாள் அவன் பாட்டி.

எரிமலை அன்று. தெற்கே நீலமாய்த் தெரியும் கொடைக்கானல் மலைகளில் பெரும்பாலும் இருப்பது சார்னோகைட் என்னும் கல். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், 20 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கடும் வெப்பத்தில் வெந்தது அது. நிலம் உயர்ந்து, மேலிருந்த கல் தேய்ந்தொழிந்ததால் இன்று வெளியே நிற்கிறது. ஆனால் நம் கண்டத்தைத் தாங்கும் கல்தட்டு முழுவதும் எவ்வளவு கனம் என்று இக்கல் சொல்லாது. அதற்கு எரிமலைக் கல்லையே நாடவேண்டும். அதன் குழம்பு தட்டின் அடியிலிருந்து வருவதன்றோ?

தட்டு ஒரு மூடி. கீழேயுள்ள சூடான பாறை மேலெழும்போது அழுத்தம் குறைந்து உருகுகிறது. மூடி கனமாயிருந்தால் ஆழத்திலேயே அது தடைப்படும். அவ்வாழத்தில் கார்னெட் என்னும் மணி உருகாமல் தங்கி, இட்டெர்பியம் என்ற தனிமத்தைத் தன்னிடமே பிடித்துக்கொள்ளும். நவரத்தினத்தில் கோமேதகம் இந்த இனமே. மூடி மெல்லியதானால் கார்னெட் நிலைக்காது. இட்டெர்பியம் குழம்போடு மேலே வந்துவிடும். ஆகவே, ஒரே பிரதேசத்தில் வெவ்வேறு காலத்துக் குழம்புக் கற்களை ஒப்பிட்டால், தட்டு தடித்ததும் மெலிந்ததும் விளங்கும்.

அனந்தப்பூர் ஜில்லாவின் வஜ்ரகரூரில் சுமார் 110 கோடி ஆண்டுகளுக்கு முன் எழுந்த கிம்பர்லைட் கல், வைரங்களைச் சுமந்து வந்தது. வைரம் விளைய ஏறக்குறைய 150 கிலோமீட்டர் ஆழம் வேண்டும். அன்று அங்கே தட்டு அவ்வளவாவது கனம் என்பதற்கு இதுவே சாட்சி. அஜந்தா, எல்லோராக் குகைகளைக் குடைந்த கருங்கல்லோ சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பெருகிய குழம்பு. அக்காலத்தில் மேற்குக் கரையோரம் தட்டு மெலிந்திருந்ததென அறிஞர் பலர் அதைக்கொண்டு கணிக்கின்றனர். 2007-இல் 'நேச்சர்' பத்திரிகையில் வெளியான ஆராய்ச்சியோ, பூகம்ப அலைகளைக்கொண்டு, இந்தியத் தட்டின் இன்றைய கனம் சுமார் 100 கிலோமீட்டரே என்றது. இதை ஒப்பாதவரும் உண்டு. வழக்கு இன்னும் தீரவில்லை.

சாட்சிகள் மட்டும் குறைந்து வருகின்றன. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களில் 'கறுப்பு கிரானைட்' என்று வெட்டப்படுவது உண்மையில் பழங்காலக் குழம்பு, பாறைப் பிளவுகளில் உறைந்த டாலரைட். நம் சமையலறை மேடையில் பளபளக்கும் கல், படிக்கப்படாத சாசனமாயும் இருக்கலாம். வெட்டுமுன் ஒரு துண்டையேனும் ஆராய்ச்சிசாலைக்கு அனுப்பி, எடுத்த இடத்தைக் குறித்து வைத்தால் யாருக்கு நஷ்டம்?

இடும்பன் மலையின் கனத்தைத் தோளால் அறிந்தான். நாம் கல்லைக் கேட்டே அறியவேண்டும், கல்லும் இருக்கவேண்டும்.