கெட்டி எண்ணெய்

விடியற்காலை ஐந்தரை மணிக்கு அப்பாவின் பிக்அப் வண்டி உறுமத் தொடங்கும். கோல சிலாங்கூரில் உள்ள எங்கள் வீட்டில் அதுதான் கடிகார மணி. ஐந்து ஏக்கர் செம்பனைத் தோட்டத்தில் வெட்டிய குலைகளை ஏற்றிச் சென்று விற்பதுதான் அப்பாவின் பிழைப்பு. வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வருமானமும் நின்றுவிடும்.

சென்ற ஆண்டு விடுமுறைக்கு வீட்டிற்குச் சென்றிருந்தேன். அந்தப் பழகிய உறுமலோடு, இரும்பைச் சுத்தியலால் தட்டுவது போல் ‘டக், டக்’ என்ற ஒலியும் கேட்டது. சில நொடிகளில் அது அடங்கிவிட்டது. ஆனாலும், அப்பாவின் முகத்தில் கவலை தெரிந்தது.

“கெட்டியான எண்ணெய் ஊற்றினால் சத்தம் குறையும்” என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். எனக்கும் அது சரியாகவே பட்டது. கெட்டியான மெத்தை ஒலியை அடக்குவதைப் போல, கெட்டியான எண்ணெயும் அடக்காதா? கடைக்குச் சென்று, ‘20டபிள்யூ-50’ என்று எழுதியிருந்த எண்ணெயை வாங்கி வந்தேன். பழைய எண்ணெயை இறக்கிவிட்டுப் புதியதை ஊற்றச் செய்தேன். அப்பாவுக்கு நல்ல பரிசு வாங்கித் தந்த பெருமையோடு புத்ராஜெயாவுக்குத் திரும்பினேன்.

இரண்டு வாரம் கழித்து மீண்டும் சென்றேன். காலையில் வண்டி கிளம்பியபோது அந்தத் தட்டும் ஒலி அடங்க முன்பைவிட அதிக நேரம் பிடித்தது. நான் திடுக்கிட்டேன். அப்பா என் மனம் நோகக்கூடாது என்று அதுவரை ஒன்றும் சொல்லவில்லை.

அன்று மாலை, வண்டியின் முன்பெட்டியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து வந்தார். நெகிழி உறைகூடப் பிரிக்கப்படாத வாகனக் கையேடு அது.

“அம்மா, இதில் எண்ணெயைப் பற்றி ஏதாவது போட்டிருக்கிறதா என்று படித்துச் சொல்கிறாயா? எனக்கு இந்த ஆங்கிலம் விளங்காது.”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மாணவர்கள் எதையும் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்று பாடத்திட்டம் எழுதுபவள் நான். அப்பாவின் வண்டிக்கு எண்ணெய் வாங்கும்போது மட்டும் ஒரு பக்கத்தையும் புரட்டிப் பார்க்கவில்லை. கையேட்டில் தெளிவாக இருந்தது: ‘5டபிள்யூ-30’.

மறுநாள் இருவரும் பட்டறைக்குச் சென்றோம். பட்டறைக்காரர் அப்பாவின் நெடுநாள் நண்பர். அவர் எனக்குப் பொறுமையாக விளக்கினார்.

“இரவில் வண்டி நிற்கும்போது எண்ணெய் கீழே உள்ள கலத்தில் இறங்கிவிடும், தங்கச்சி. காலையில் சாவியைத் திருப்பியதும் அது மறுபடி மேலே ஏற வேண்டும். ஏறும்வரை இரும்போடு இரும்பு உரசும். சத்தமும் வரும், தேய்மானமும் வரும். தேன் குழாயில் சீக்கிரம் ஏறுமா, தேங்காய் எண்ணெய் ஏறுமா, சொல்லுங்கள்?”

“தேங்காய் எண்ணெய்தான்” என்றேன்.

‘டபிள்யூ’ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. அதற்கு முன்னால் உள்ள எண் சிறியதாக இருந்தால், குளிர்ந்த நிலையில் எண்ணெய் எளிதாக ஓடும். பின்னால் உள்ள எண், 100 பாகை செல்சியசில் அதன் பாகுத்தன்மையைக் காட்டும். நம் நாட்டில் குளிர்காலம் இல்லைதான். ஆனாலும், இரவு முழுவதும் நின்ற இயந்திரம், ஓடிச் சூடான இயந்திரத்தைவிட மிகவும் குளிர்ந்தே இருக்கும்.

“அப்படியானால் மிகவும் இளகிய எண்ணெயே நல்லதா?” என்று கேட்டேன்.

“அதுவும் தப்பு. பாரம் ஏற்றி வெயிலில் ஓடும்போது, அளவுக்கு மீறி இளகிய எண்ணெயின் படலம் அறுந்துவிடும். இயந்திரத்தைச் செய்தவர்கள் இரண்டையும் கணக்குப் பார்த்துத்தான் கையேட்டில் எழுதியிருக்கிறார்கள். எண்ணெய்ப் புட்டியில் தர எழுத்துகளும் இருக்கும். ‘சி’ என்று தொடங்கினால் டீசலுக்கு. ‘எஸ்’ என்று தொடங்கினால் பெட்ரோலுக்கு.”

பிறகு அவர் அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். “அண்ணே, முதலில் வந்த சத்தத்துக்குத் தங்கச்சி காரணமில்லை. எண்ணெய் மாற்ற வேண்டிய தூரத்தைத் தாண்டி நீங்கள் ஓட்டியிருக்கிறீர்கள். அளவையும் பார்த்திருக்க மாட்டீர்கள்.”

அப்பா தலையைச் சொறிந்தார். “குலை அதிகமாக விழுந்த மாதங்கள். மறந்துவிட்டேன். என் அப்பா இந்தத் தோட்டப் பக்கம் மாட்டு வண்டி ஓட்டியவர். வண்டி மை போடாமல் ஒரு நாளும் மாட்டைப் பூட்டமாட்டார். அவர் பிள்ளை நான் மறந்துவிட்டேன்.”

பட்டறைக்காரர் எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றினார். இறக்கிய எண்ணெயைக் கவனமாகத் தோம்பில் ஊற்றி மூடினார். மலேசியாவில் அது அட்டவணைக் கழிவு, சாக்கடையில் ஊற்றக்கூடாது.

அடுத்த நாள் காலை, நான் வாசலில் நின்று காது கொடுத்துக் கேட்டேன். தட்டும் ஒலி ஒரு நொடி கேட்டு அடங்கியது. டீசல் இயந்திரத்தின் உறுமல் மட்டும் இருந்தது. அது எரிபொருள் எரியும்போது எழும் இயல்பான ஒலி. எந்த எண்ணெயாலும் அதை நீக்க முடியாது என்று பட்டறைக்காரர் முன்பே சொல்லியிருந்தார்.

‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்பதைப் பள்ளியில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அதன் பொருள் எனக்கு அந்த எண்ணெய்ப் புட்டியால்தான் விளங்கியது.

இப்போதெல்லாம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அப்பா வண்டியைச் சமதளத்தில் நிறுத்துகிறார். இயந்திரம் அணைந்து சில நிமிடங்கள் ஆனதும், அளவுக்கோலை உருவித் துடைத்து, மீண்டும் செருகி எடுத்துப் பார்க்கிறார். எண்ணெய் இரண்டு கோடுகளுக்கு இடையே இருந்தால், என்னைத் தொலைபேசியில் அழைக்கிறார்.

“சரியாக இருக்கிறது, அம்மா. நீ அந்தப் புத்தகத்தின் அடுத்த பக்கத்தை எப்போது வந்து படித்துச் சொல்லப் போகிறாய்?”