பெடலும் ஷூவும் ஜோடி சேர்ந்த ஊர்

பாரிஸ் நகரின் பெர்ஸி ஸ்டேஷனில் ரயில் ஏறினால் சுமார் இரண்டு மணி நேரத்தில் நெவெர் வந்துவிடுகிறது. லுவார் நதிக்கரையில் இருக்கும் அமைதியான ஊர். என் மகளும் மாப்பிள்ளையும் அங்கேதான் குடியிருக்கிறார்கள். போன வருடம் கோடையில் மூன்று மாதம் அவர்களோடு இருந்துவிட்டு வந்தேன்.

லூர்து நகரில் மாதாவின் காட்சி கண்ட பெர்னதெத், 1866-ல் இந்த ஊர் கன்னிமாடத்துக்கு வந்து, 1879-ல் தமது 35-வது வயதில் காலமானார். அவர் உடலைக் கண்ணாடிப் பேழையில் வைத்திருக்கிறார்கள். நீல வர்ணப் பீங்கானுக்கும் ஊர் பேர் போனது. இரண்டையும் பார்த்து முடித்ததும் மகள் சொன்னாள்: "அம்மா, இந்த ஊருக்கு இன்னொரு பெருமை இருக்கு. அதைக் காலில் மாட்டிக்கிட்டுத்தான் பார்க்கணும்!"

அவள் சொன்னது சைக்கிள் பெடலை!

அந்தக் காலத்துப் பந்தயக்காரர்கள் பெடலின் முன்னால் ஓர் இரும்புக் கூண்டு வைத்து, தோல் வாரால் காலை இறுக்கிக் கட்டிக்கொள்வார்கள். காலை எடுக்க வேண்டுமானால் குனிந்து வாரைத் தளர்த்த வேண்டும். அவசரத்துக்கு முடியுமா? நெவெரில் உள்ள 'லூக்' கம்பெனியார் பனிச்சறுக்குப் பலகைக்கான பிடிப்புகள் செய்து வந்தவர்கள். சறுக்குகிறவர் விழுந்தால் கால் முறியாமல், பூட்ஸ் தானாகக் கழன்றுகொள்ளும் பிடிப்பு அது. அதே தத்துவத்தில் 1984-ல் சைக்கிள் பெடல் செய்தார்கள். 1985-ல் பெர்னார் இனோ அந்தப் பெடலை மிதித்தே 'டூர் தெ பிரான்ஸ்' பந்தயத்தில் ஜெயித்தார். பழைய கூண்டுக்கு 'கிளிப்' என்று பெயர். அது இல்லாததால் இது 'கிளிப்லெஸ்'. ஆனால் ஷூ என்னவோ 'டக்'கென்று பெடலில் மாட்டிக்கொள்கிறது. வேடிக்கையான பெயர்தான்!

"உனக்கெதற்கு இந்த வயசில் இதெல்லாம்?" என்று கேட்பீர்கள். எனக்கு வயது 56. பத்து வருடமாகச் சர்க்கரை. என் அம்மாவுக்கு இதே வியாதியால் கால் விரலை எடுக்க வேண்டி வந்தது. அதைப் பார்த்தவளுக்குக் காலைப் பற்றிய பயம் சாமானியமாகப் போகுமா? முழங்கால் வலியால் அதிகம் நடக்க முடியாமல், மகளின் பழைய சைக்கிளை மிதித்து வந்தேன். ஒரு மழை நாளில் சாதாரணப் பெடலில் கால் வழுக்கி, முன்காலில் நன்றாகக் கீறிவிட்டது. அந்தக் காயம் ஆற மூன்று வாரம் ஆயிற்று. "இனிமேல் வழுக்காத பெடல்தான்" என்று மகள் முடிவு கட்டிவிட்டாள்.

டாக்டரிடம் காட்டினோம். பாதத்தில் உணர்ச்சி நன்றாக இருக்கிறது, ஷூ மட்டும் இறுக்கமாக இருக்கக் கூடாது என்றார்.

மாப்பிள்ளை புதுப் பெடல் வாங்கி வந்தார். அதற்கு முன்பே நான் ஒரு கடையில் தள்ளுபடியில் வெள்ளை ஷூ வாங்கி வைத்திருந்தேன். பார்க்க எவ்வளவு அழகு! திருப்பிப் பார்த்தால், அடியில் மூன்று துளை. பெடலோடு வந்த பட்டைக்கு வேண்டியது இரண்டு துளை. அம்மி ஒரு வீட்டில், குழவி ஒரு வீட்டில் என்றால் அரைப்பது எப்படி?

விஷயம் இதுதான். ஷூவின் அடியில் 'கிளீட்' என்று ஒரு பட்டையைத் திருகுகிறார்கள். அதுதான் பெடலில் மாட்டிக்கொள்வது. பந்தய வகையில் பெரிய பிளாஸ்டிக் பட்டை, மூன்று ஸ்க்ரூ. அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் வாத்து நடைதான். மற்றது, ஜப்பானின் சக்காய் நகரத்து ஷிமானோ கம்பெனி 1990-ல் கொண்டு வந்தது. சின்ன இரும்புப் பட்டை, இரண்டே ஸ்க்ரூ. அடிப்பாகத்துப் பள்ளத்தில் புதைந்திருப்பதால் கடைகண்ணிக்கும் நடக்கலாம். நமக்குத் தோதானது இதுவே. துளை ஒத்துப்போனால் மட்டும் போதாது; பட்டையும் அந்தப் பெடலுக்கு உரியதாக இருக்க வேண்டும். லூக் பட்டை ஷிமானோ பெடலில் ஏறாது.

வெள்ளை ஷூவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இரண்டு துளை ஷூ வாங்கினோம். இம்முறை சாயங்காலம் போனோம். பகலெல்லாம் நடந்த கால் அப்போது சற்று வீங்கியிருக்கும். அந்த அளவுக்கு எடுத்தால்தான் பிறகு கடிக்காது.

முதல் வாரம் முழங்காலின் உட்புறம் வலித்தது. மகள் என்னை மேஜை விளிம்பில் உட்காரவைத்து, காலைத் தொங்கவிடச் சொன்னாள். என் வலது பாதம் இயல்பாகவே சற்று வெளிப்பக்கம் திரும்பி நிற்கிறது. பட்டையோ அதை நேராக இழுத்துப் பிடித்திருந்தது! ஸ்க்ரூவைத் தளர்த்தி, பாதத்தின் போக்குக்கே திருப்பி வைத்ததும் நாலைந்து நாளில் வலி போயிற்று. பாதத்தைக் கொஞ்சம் அசையவிடும் பட்டைகளும் உண்டு. லூக் கம்பெனியின் 'கியோ' வகையில் கறுப்பு அசையாது. சாம்பல் நிறம் 4.5 டிகிரி, சிவப்பு 9 டிகிரி அசையும்.

கழற்றுவது எப்படி? குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் போதும். சொல்வது சுலபம்! முதல் நாள் சிக்னலில் நின்றவள், அது மறந்துபோய், நின்ற நிலையிலேயே மூட்டை மாதிரி சாய்ந்தேன். நல்லவேளை, பக்கத்தில் புல்தரை. "எல்லாருக்கும் முதல் தடவை இப்படித்தான்மா" என்று மகள் சிரித்தாள். பெடலில் உள்ள சிறு ஸ்க்ரூவைத் தளர்த்தி, பிடிப்பைக் குறைத்துக் கொடுத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் மாட்டி மாட்டிக் கழற்றினேன்.

ஊருக்குக் கிளம்பும் முன் கால்வாய்க் கரையோரமாகவே கெத்தாங் வரை போனோம். அங்கே ஓர் அதிசயம்! அலியே நதியின் மேல் 18 வளைவுகளோடு ஒரு பாலம். பாலத்தின் மேல் சாலை இல்லை, தண்ணீர்! ஆற்றுக்கு மேலே கால்வாய், கால்வாயில் படகு. பாலத்தை நெருங்கியதும் ஓரப்பாதை குறுகலாக இருக்கவே, இறங்க வேண்டும் என்று தோன்றியது. நினைக்கும் முன்பே என் குதிகால் தானாகத் திரும்பிவிட்டது. 'டக்!' கால் தரையில். மகள் திரும்பிப் பார்த்தாள். "பரவாயில்லையே அம்மா!" அந்த ஒரு சொல்லுக்காகவே இன்னும் நூறு தடவை விழலாம் என்று இருந்தது.

நீங்களும் வாங்குவதாக இருந்தால் சில குறிப்புகள்:

முதலில் பெடல், பிறகு அதற்கேற்ற ஷூ. ஷூவை முதலில் திருப்பிப் பார்த்துத் துளையை எண்ணுங்கள்.

இடது பெடலின் மரை தலைகீழ். மற்ற திருகு போல் திருப்பினால் கழலாது, இறுகும்.

நிற்கப் போகிறோம் என்றால் பத்தடி முன்பே ஒரு காலைக் கழற்றிவிடுங்கள்.

கடைத்தெருவுக்குப் போய் வர மட்டும் சைக்கிள் என்றால் சாதாரணப் பெடலே போதும்.

சர்க்கரை உள்ளவர்கள், பாதம் மரத்திருந்தால், டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம். வண்டியை விட்டு இறங்கியதும் ஷூவைக் கழற்றி, சிவந்திருக்கிறதா, கொப்புளம் உண்டா என்று பாருங்கள். நான் இன்றைக்கும் ராத்திரி படுக்கும் முன் பத்து விரலையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன். அம்மாவை நினைத்துக்கொண்டு.