இணையத்தில் ஒரு மிளகாய்த்தூள் கடை

திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி விற்கும் ஆச்சி வர்த்தகக் கலையிற் பட்டம் பெற்றவரல்லர். எனினும் அவர் கத்தரிக்காயைக் குவித்து வைத்திருக்கும் விதத்தைச் சற்றே நின்று நோக்குவோர்க்கு விற்பனையின் சூட்சுமங்கள் பல விளங்கும். அன்று பறித்த காய் முன்னே இருக்கும். காம்பின் பசுமை கண்ணுக்குத் தெரியும். நாம் வாய் திறக்குமுன்னரே விலை அவர் வாயினின்று வந்துவிடும். தராசு நம் எதிரிலேயே இருக்கும். வாங்க வந்தவர் மனத்தில் என்னென்ன ஐயங்கள் எழுமோ, அவை எழுகின்ற வரிசையிலேயே விடையும் கிடைத்துவிடுகின்றது. தமது வியாபாரத்தின் உயரிய இலட்சியங்களைப் பற்றி அவர் ஒரு வார்த்தை தானும் பேசுவதில்லை.

இணையத்தளம் வைத்து வியாபாரம் செய்யும் நம்மவர் பலர் இந்த ஆச்சியை மறந்துவிட்டனர் என்பது நமது அபிப்பிராயம். இதைச் சொல்லக் காரணம் உண்டு.

நம்மிடம் உயர்தர வகுப்பிற் பயின்ற மாணவர் ஒருவர் வலிகாமத்திலே தம் தாயாருடன் மிளகாய்த்தூள் வியாபாரம் செய்கின்றார். தாயார் வறுப்பார்; அயலிலுள்ள பெண்கள் இருவர் துணை நிற்பர். செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை யாவும் தனித்தனியே விறகடுப்பில் வறுபடும். அத்தூளின் வாசம் ஒழுங்கை முகப்பு வரை வரும். வாங்குவோர் பெரும்பாலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் வாழ்பவர்கள். ஆரம்பத்தில் உறவினர் மூலமாகத் தொலைபேசியிற் சொல்லி அனுப்புவித்தார்கள். வியாபாரத்தைப் பெருக்க வேண்டுமென்று எண்ணிய அவர், தாயாரின் சங்கிலியை அடைவு வைத்துத் தலைநகரத்து நிறுவனம் ஒன்றைக் கொண்டு அழகியதோர் இணையத்தளம் அமைப்பித்தார். ஒரு வருடம் கழிந்தது. தளத்தைப் பார்ப்போர் தொகை பெருகிற்று. வாங்குவோர் தொகை பெருகவில்லை. விளம்பரத்துக்கு இன்னும் பணம் போட வேண்டுமென்று அந்நிறுவனம் மாதந்தோறும் எழுதிற்று.

"சேர், இன்னும் காசு போடுறதோ, எல்லாத்தையும் பூட்டிப்போட்டு அந்த ரெண்டு பேரையும் நிப்பாட்டுறதோ எண்டு தெரியேல்லை" என்று அவர் நம்மிடம் வந்து கூறியபோது, முதலிலே தளத்தைப் பார்ப்போம் என்றோம்.

பார்ப்பதே பெரும்பாடாயிற்று. கைத்தொலைபேசியில் அதனைத் திறந்தபோது வெண்திரைதான் நெடுநேரம் நின்றது. பின்னர் படங்கள் ஐந்து ஒன்றன்பின் ஒன்றாக உருண்டோடின. கமராவில் எடுத்த படங்களை அளவு குறைக்காமல் அப்படியே ஏற்றியிருந்தனர். உள்ளங்கை அகலத் திரைக்குச் சுவரளவு படம்! ஒரு பக்கத்தின் முக்கியமான பகுதி இரண்டரை விநாடிக்குள் தோன்றுதல் நன்று என்று கூகுள் நிறுவனம் 2020ஆம் ஆண்டிலேயே ஓர் அளவுகோலை வகுத்துக் கூறியது. தளமொன்றின் கணினித் தோற்றத்தையன்றிக் கைத்தொலைபேசித் தோற்றத்தையே முதன்மையாகக் கொண்டு தன் அட்டவணையிற் சேர்க்கும் முறைக்கும் அது 2016இல் வழிகோலி, 2023இல் அம்மாற்றம் நிறைவுற்றதாக அறிவித்தது. படங்களைச் சுருக்குவது ஒரு மாலைப்பொழுதின் வேலை. உருண்டோடும் ஐந்தை நீக்கி, விறகடுப்பின் முன் தாயார் வறுத்துக்கொண்டிருக்கும் படமொன்றை மட்டும் வைத்தோம். "நான் சட்டை மாத்தியிருப்பன்" என்று அந்த அம்மையார் குறைப்பட்டுக்கொண்டது வேறு விஷயம்.

அடுத்து நாம் கண்டது இன்னும் பெரிய குறை. தூள் வகைகளின் தமிழ்ப் பெயர்கள் யாவும் படங்களுக்குள்ளே எழுதப்பட்டிருந்தன. விபரங்களோ, நம் நாட்டுத் தட்டச்சாளர் பலருக்கும் பழக்கமான பாமினி எழுத்துருவில் இருந்தன. அவ்வெழுத்துரு கண்ணுக்குத் தமிழாகத் தெரியுமேயன்றிக் கணினிக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துக்களின் குவியலே. தமிழுக்கு ஒருங்குறியில் 1991ஆம் ஆண்டிலேயே இடம் கிடைத்துவிட்டது. ஆயினும் பழைய பழக்கம் நம்மை விடுவதாயில்லை. ரொறன்ரோவில் ஒருவர் 'மிளகாய்த்தூள்' என்று தமிழில் எழுதித் தேடினால், அச்சொல் இத்தளத்தில் ஓரிடத்திலேனும் இல்லை! ஊரெல்லாம் கடை தேடி அலைய, பெயர்ப்பலகையை உட்பக்கம் திருப்பி மாட்டி வைத்த கதை.

பெயர்களும் விசித்திரமானவை. 'பாரம்பரிய நறுமணச் சுவையூட்டிகள்' என்றிருந்தது. யார் வீட்டு அடுப்படியில் இப்படிப் பேசுகின்றார்கள்? யாழ்ப்பாணத்தவருக்கு அது மிளகாய்த்தூள். வேறிடத்தவருக்கு அது கறித்தூள். தமிழ்நாட்டவரோ மிளகாய்த்தூள் என்றால் மிளகாயை மட்டும் அரைத்தது என்று கொள்வர். வெளிநாட்டிற் பிறந்த பிள்ளைகள் 'ஜப்னா கறி பவுடர்' என்று ஆங்கில எழுத்திலே தேடுவர். இவை யாவும் வாங்குவோர் வாய்ச்சொற்கள். அவற்றையே தலைப்பிலும் விபரத்திலும் இயல்பாக எழுதினோம். எங்கள் பனங்கட்டி தமிழ்நாட்டில் கருப்பட்டி ஆவதையும் ஓரிடத்திற் குறித்து வைத்தோம். நிறுவனத்தின் பற்றுச்சீட்டில் 'மறைவான சொற்பட்டியல் அமைத்தமைக்கு' என ஒரு தொகை கண்டிருந்தது. பக்கத்தின் உள்ளே ஒளித்து எழுதும் அப்பட்டியலைத் தன் தரவரிசைக்கு எடுத்துக்கொள்வதில்லை என்று கூகுள் 2009இல் வெளிப்படையாகவே அறிவித்தது. இல்லாத கோயிலுக்குக் காணிக்கை கொடுத்தது போலாயிற்று.

இவ்வளவும் நாமாகவே பார்த்துக் கண்டவை. வாங்குவோர் என்ன காண்கின்றார்கள் என்பதை அவர்களிடத்திலன்றோ அறியவேண்டும்? டென்மார்க்கைச் சேர்ந்த ஜேக்கப் நீல்சன் என்ற அறிஞர் 2000ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார். ஐந்து பேரை அமர்த்தித் தளத்தைப் பயன்படுத்தச் சொல்லி அருகிலிருந்து பார்த்தாலே அதிலுள்ள குறைகளிற் பெரும்பாலானவை வெளிப்பட்டுவிடும் என்பது அவர் கொள்கை. ஐந்து பேரைப் பிடித்தோம். அவர்களுள் ஒருவர் ரொறன்ரோவில் வாழும் நமது தமக்கையார். தமது கைத்தொலைபேசித் திரையை நமக்குக் காட்டியபடி ஒரு கிலோ தூள் வாங்க முயன்றார். "கீழ இறக்குங்கோ அக்கா" என்று சொல்ல மாணவர் வாயெடுத்தார், கையமர்த்தினோம். கடைக்காரர் பக்கத்தில் நின்று வழிகாட்டும் பாக்கியம் மற்றைய வாடிக்கைக்காரர்க்கு இல்லையே.

தமக்கையார் தூளைக் கண்டார், விலையைக் கண்டார், கூடையிலும் இட்டார். அதன்பின் அசையவில்லை.

"தம்பி, தபாற்காசு எவ்வளவெண்டு சொல்லாமல் என்ர பேர், விலாசம், பிறந்த திகதி எல்லாம் கேக்குது. கலியாணம் பேசப் போறாங்களோ?"

நாம் சிரித்தோம், மாணவர் சிரிக்கவில்லை. நோய் எங்கே இருந்தது என்று அவருக்கு அப்பொழுதே புரிந்துவிட்டது. மற்றை நால்வருள் மூவரும் அதே வாசலில்தான் நின்றுவிட்டனர். கனடாவுக்குப் பொதி அனுப்பும் செலவு தூளின் விலைக்குக் குறைந்ததன்று. அதனைக் கடைசிவரை மறைத்து வைத்தால் வாங்குபவர் ஏமாற்றப்பட்டதாகவே எண்ணுவார். ஆகவே ஒரு கிலோவுக்கு இவ்வளவு, மூன்று கிலோவுக்கு இவ்வளவு என்று நாடுவாரியாகத் தபாற்செலவைத் தூளின் விலைக்கு அருகிலேயே எழுதினோம். கணக்குத் திறக்காமலே வாங்க வழி செய்தோம். வறுத்த திகதி, அரைத்த திகதி, சேர்ந்த சரக்குகள், எத்தனை நாளிற் கைசேரும், பொதி உடைந்தால் என்ன செய்வோம் என்பனவும் அவ்விடத்திலேயே இடம்பெற்றன. பிறந்த திகதி ஒழிந்தது. வட்ஸ்அப்பிற் கேட்க விரும்புவோர்க்கு ஒரு பொத்தான் வைத்தோம். நம்மவர் விலை பேசாவிட்டாலும் ஒரு வார்த்தை பேசித்தான் வாங்குவர்.

விளம்பரத்தை அதுவரை நிறுத்தி வைக்கச் சொல்லியிருந்தோம். ஓட்டைக் குடத்தில் எவ்வளவு வேகமாக நீர் வார்த்தாலென்ன? பின்னர் பழைய விளம்பரக் கணக்கைத் திறந்து பார்த்தபோது ஓர் அதிசயம் காத்திருந்தது. சொடுக்கு ஒவ்வொன்றுக்கும் பணம் கட்டும் விளம்பரம் அது. கனடா என்று நாட்டைக் குறித்திருந்தும், சொடுக்கியவருட் பெரும்பகுதியினர் இலங்கையர்! கூகுள் விளம்பரத்தில் நாம் மாற்றாவிட்டால், குறித்த நாட்டில் இருப்போர்க்கு மட்டுமன்றி அந்நாட்டில் அக்கறை காட்டுவோர்க்கும் விளம்பரம் செல்லும். யாழ்ப்பாணத்திலே கனடாவில் அக்கறை காட்டாதவர் யார்? பக்கத்து மில்லில் அரைப்பிக்கக்கூடிய தூளைக் கனடாவுக்கான விலையிற் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டவர் ஒவ்வொருவருக்கும் அந்த மாணவர் பணம் கட்டியிருக்கின்றார். அமைப்பிற் குறியொன்றை மாற்றுவதுடன் அது தீர்ந்தது. நிறுவனத்தின் மாத அறிக்கையில் இது ஓரிடத்திலும் இல்லை. எத்தனை ஆயிரம் பேர் விளம்பரத்தைக் கண்டனர் என்பது மட்டும் பெரிய எழுத்தில் இருந்தது.

கண்டவர் தொகை வியாபாரமன்று என்பதை அமெரிக்க விளம்பரக்காரர் குளோட் ஹொப்கின்ஸ் 1923ஆம் ஆண்டிலேயே நூலாக எழுதி வைத்தார். பத்திரிகை விளம்பரங்களில் வெவ்வேறு குறியிட்ட நறுக்குகளை அச்சிட்டு, எந்த வாசகத்தைப் படித்தவர் எழுதி வாங்கினர் என்று எண்ணிக் கணக்கிடும் முறை அவருடையது. இன்று நறுக்குக்குப் பதிலாக இணைப்பின் வாலில் ஒரு குறி, அவ்வளவுதான். எங்கள் மாணவர் இப்பொழுது ஒரு கொப்பியில் மூன்றே எண்களை எழுதுகின்றார்: வந்தவர், கூடையில் இட்டவர், பணம் செலுத்தியவர். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்வது, கொப்பியில் அதன் திகதியைக் குறிப்பது, குறைந்தது ஒரு மாதம் பொறுப்பது என்பது உடன்பாடு. சிறிய கடைக்கு நாலு நாட் கணக்கு ஒன்றும் சொல்லாது. நல்லூர்த் திருவிழாக் காலத்து விற்பனையை மற்றைய மாதத்தோடு ஒப்பிடுவதும் தகாது.

புகழுரைகளை விலைக்கு எழுதித் தருவதாக ஒருவர் வந்தார், வேண்டாமென்றோம். வாங்கியவர்க்குப் பொதி கிடைத்து ஒரு கிழமை கழிந்தபின், தூள் எப்படி என்று தாயாரே குரற்பதிவில் விசாரிக்கின்றார். காரம் கூடிவிட்டது என்று எழுதியவர் கருத்தையும் நீக்காமல் விட்டிருக்கின்றார்கள். அதைப் படித்துவிட்டுக் 'காரம் குறைந்தது' என்றொரு வகை கேட்டு, பாரிசிலிருந்து இருவர் எழுதினர். இப்போது அதுவும் வறுபடுகின்றது.

சங்கிலி இன்னும் அடைவிலேதான் இருக்கின்றது. வட்டி மட்டும் ஒழுங்காகக் கட்டப்படுகின்றது. அந்தப் பெண்கள் இருவரும் வேலையில் இருக்கின்றார்கள். கிழமையில் மூன்று நாளாக இருந்த வறுப்பு நான்கு நாளாகியிருக்கின்றது. தமக்கையார் முதற்பொதியைப் பெற்றுக்கொண்டு, பையை ஒருமுறை வெட்டினால் மறுபடி மூட முடியவில்லை என்று முறையிட்டிருக்கின்றார். மூடித் திறக்கக்கூடிய பைக்கு விலை விசாரிக்க மாணவர் நாளை கொழும்புக்குப் புறப்படுகின்றார்.