ஒயர் அறுந்த பிறகும் உயிரோடு இருக்கும் ஹெட்போன்

ஹெட்போன் வாங்கக் கிளம்பும் காலேஜ் பையன் கடையில் கேட்கும் முதல் கேள்வி "பேஸ் எப்படிண்ணே?" என்பதுதான். ரெண்டாவது, "வேற என்ன கலர் இருக்கு?". ஒயர் போனால் மாற்ற முடியுமா என்று கேட்பவன் ரொம்ப அபூர்வம். பஸ்ஸில் பாட்டு கேட்க மட்டும் வாங்குகிறான் என்றால் அந்த ரெண்டு கேள்வியே போதும். ஆனால் லேப்டாப்பில் எஃப்எல் ஸ்டூடியோவைத் திறந்துவைத்து ராத்திரி ரெண்டு மணி வரை டிரம்ஸ் தட்டிக்கொண்டிருப்பவன், கூடவே அடுத்த கல்ச்சுரல்ஸில் டிஜே பண்ணவும் ஆசைப்படுபவன்... அவன் கதை வேறு. வீட்டில் ஒரே ஒரு தடவைதான் காசு தருவார்கள். அந்த ஒன்று பல வருஷம் உழைத்தாக வேண்டும்.

முதலில் ஹெட்போன் எப்படிச் சாகிறது என்று பார்த்துவிடலாம். உள்ளே இருக்கும் டிரைவர், அதாவது குட்டி ஸ்பீக்கர், அவ்வளவு சீக்கிரம் சாவதில்லை. சாவது ஒயர். பின் பக்கத்திலும், காதுக்கூட்டுக்குள் நுழையும் இடத்திலும் மடங்கி மடங்கி உள்ளே செம்புக் கம்பி இழை இழையாக அறும். ஒரு காது வரும், போகும், ஒயரைத் திருகிப் பிடித்தால் மறுபடி வரும். (இந்த நிலையிலேயே ஒரு செமஸ்டர் ஓட்டும் மகான்கள் உண்டு.) அடுத்தது பேட். தோல் மாதிரி இருக்கும் அது பெரும்பாலும் பாலியூரிதேன் பூச்சு. சூடும் ஈரப்பதமும் வியர்வையும் சேர்ந்தால் அது சிதைந்து, கறுப்புச் செதில் செதிலாகக் காதில் ஒட்டும். சென்னை மாதிரி ஊரில் இது இன்னும் வேகமாக நடக்கும். மூன்றாவது, மடக்கும் இடத்தில் இருக்கும் பிளாஸ்டிக் கீல். ஆக, உழைக்கும் ஹெட்போன் என்றால் உடையாத ஹெட்போன் இல்லை. அப்படி ஒன்று கிடையவே கிடையாது. உடைந்த பாகத்தை மட்டும் மாற்ற முடிகிற ஹெட்போன், அவ்வளவுதான்.

இந்த விஷயத்தில் சென்ஹைசர் ஹெச்டி 25-ஐ மிஞ்ச ஆள் இல்லை. வந்தது 1988-இல். டிஜேக்களுக்காகச் செய்ததுகூட இல்லை. வெளியில் போய் ஒலி பிடிக்கும் ஒளிபரப்புத் துறைக்காரர்களுக்காக வந்தது. கிளப்புகளில் டிஜேக்கள் அதைத் தங்கள் பொருளாக ஆக்கிக்கொண்டார்கள். காரணம் இருக்கிறது. டிஜேயின் வேலையே இரண்டு பாட்டை ஒரே நேரத்தில் கேட்பது. வெளியே ஸ்பீக்கரில் ஒரு பாட்டு ஓடும், அடுத்து வரப்போகும் பாட்டை ஹெட்போனில் ஒரு காதால் மட்டும் கேட்டு, இரண்டின் தாளத்தையும் சேர்க்க வேண்டும். அதனால் ஒரு பக்கத்தைத் தள்ளுவது, தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொள்வது, கழுத்தில் மாட்டுவது என்று ராத்திரி முழுக்க அந்த ஹெட்போன் படாத பாடு படும். ஹெச்டி 25-இல் ஒரு பக்கக் காதுக்கூடு பின்னால் திரும்பும். தலைப்பட்டை இரண்டாகப் பிரியும். ஒயர் இல்லாமல் எடை சுமார் 140 கிராம்தான். முக்கியமான சமாச்சாரம், அதன் எல்லாப் பாகமும் கழன்று வரும். ஒயர், பேட், தலைப்பட்டை, காதுக்கூடு எல்லாமே தனித்தனியாக விலைக்குக் கிடைக்கும். சாலிடரிங் தேவையில்லை, கையாலேயே பிடுங்கிச் செருகலாம். முன்பு தாத்தாக்கள் சைக்கிளுக்கு டயர், செயின், பெடல் என்று ஒவ்வொன்றாக மாற்றி முப்பது வருஷம் ஓட்டியது மாதிரி.

பெயர் பார்த்து வாங்க வேண்டும். 'லைட்' என்று ஒரு ஹெச்டி 25 உண்டு. அதில் காதுக்கூடு திரும்பாது, பட்டையும் பிரியாது. மிச்சப்படுத்திய காசு டிஜே பண்ணும்போதுதான் வலிக்கும்.

குறை இல்லாமல் இல்லை. அது காதை மூடிக்கொள்ளாமல் காதின் மேலேயே உட்காரும் ரகம். நன்றாக அழுத்தும். கண்ணாடி போட்டவன் ஆறு மணி நேரம் மாட்டிக்கொண்டு மிக்ஸிங் பண்ணினால் காதுமடல் கெஞ்சும்.

ஆகவே டிஜேயை விட மியூசிக் போடுவதுதான் அதிகம் என்பவன் வேறு பக்கம் பார்ப்பது நல்லது. சோனி எம்டிஆர்-7506 இருக்கிறது. 1985-இல் வந்த எம்டிஆர்-வி6 இன் தம்பி, 1991-இல் பிறந்தது, நீலக் கோடு போட்டிருக்கும். ரேடியோ நிலையம், சினிமா படப்பிடிப்பு என்று எங்கே பார்த்தாலும் தெரியும். உச்ச ஸ்தாயி கொஞ்சம் தூக்கலாக இருப்பதால் இரைச்சல், கிளிக் சத்தம், பாடுபவரின் வாய்ச் சத்தம் எல்லாம் பளிச்சென்று மாட்டும். ரசித்துக் கேட்க அவ்வளவு சுகமில்லை. குற்றம் கண்டுபிடிக்க அருமை. ஆனால் சுருள் ஒயர் நிரந்தரமாக உள்ளே இணைந்தது. போனால் சாலிடரிங் தெரிந்த நண்பன் வேண்டும்.

பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ இன்னொன்று. ஜெர்மனி ஹைல்பிரான் ஊர்க்காரர்கள். டிடி 770 வரிசை 1985-இல் ஆரம்பித்தது. இதில் வெல்வெட் மாதிரித் துணி பேட். செதில் உதிராது, காதை முழுசாக மூடும், எத்தனை மணி நேரம் ஆனாலும் உறுத்தாது. ஒயர் இதிலும் கழறாது. 2024-இல் வந்த 'ப்ரோ எக்ஸ்' மாடலில்தான் கழற்றும் ஒயர் கொடுத்தார்கள். 32, 80, 250 ஓம் என்று வகை இருக்கிறது. பெரிய நம்பர் என்றால் பெரிய சத்தம் என்று 250-ஐ வாங்கிவிட்டு, லேப்டாப்பில் செருகி "என்னடா முனகுது" என்று முழிப்பவர்கள் உண்டு. ஓம் கூடினால் அதை ஓட்ட வோல்டேஜும் கூட வேண்டும். தனி ஆம்ப் இல்லாதவன் 80-ஐத் தாண்டாமல் இருப்பது உசிதம்.

அந்த "பேஸ் எப்படிண்ணே"வுக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது. பேஸை ஊதிக் காட்டும் ஹெட்போனில் மிக்ஸ் பண்ணுபவன், ஏற்கனவே நிறைய இருக்கிறதே என்று பேஸைக் குறைத்துவிடுவான். அந்தப் பாட்டு வேறு ஸ்பீக்கரில் போட்டால் தகர டப்பா. புளூடூத்தும் வேண்டாம். நிமிஷத்துக்கு 128 தட்டு ஓடும் பாட்டில் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் சுமார் 469 மில்லி செகண்ட். சாதாரண புளூடூத்தில் ஒலி 200 மில்லி செகண்ட் வரைக்கும்கூடத் தாமதமாக வரும். கிட்டத்தட்ட அரைத் தாளம்! அதில் எதைச் சேர்ப்பது?

இப்போது பி.காம் மூளைக்குக் கொஞ்சம் வேலை. வருஷத்துக்கு ஒன்று என்று 2,000 ரூபாய் ஹெட்போன் வாங்குபவன் பத்து வருஷத்தில் 20,000 தொலைக்கிறான். ஒரே தடவை 10,000 போட்டு, நடுவில் பேட், ஒயர் என்று ஒரு 3,000 செலவழித்தாலும், நேர்க்கோட்டு முறையில் வருஷத்துக்கு 1,300 தான். பேட் மாற்றுவது வருவாயினச் செலவா முதலினச் செலவா என்று பரீட்சையில் கேட்டால் தயங்காமல் வருவாயினச் செலவு என்று எழுதலாம் :-)

இந்தக் கணக்கில் வராத ஐட்டம் ஒன்று உண்டு, காது. அமெரிக்காவின் நியாஷ் அமைப்பு வேலையிடங்களுக்குச் சொல்லும் அளவு, 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் வெறும் 15 நிமிஷம். கிளப் சத்தம் இந்த 100-ஐ சர்வசாதாரணமாகத் தொடும். வெளிச் சத்தத்தைத் தடுக்காத ஹெட்போன் என்றால் அதை ஜெயிக்க வால்யூமை இன்னும் ஏற்றுவார்கள். மூடிய வகை ஹெட்போன் டிஜேக்கு ஏன் கட்டாயம் என்பதற்கு இதுதான் உண்மையான காரணம். உள்காதின் மயிர்ச்செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. அதற்கு எந்தக் கம்பெனியும் ஸ்பேர் பார்ட்ஸ் விற்கவில்லை.

கடைசியாக, பெட்டியைப் பிரித்ததும் அடியில் கிடக்கும் 6.3 எம்எம் அடாப்டரைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. டிஜே மிக்சர் பலவற்றில் அந்தப் பெரிய துளைதான் இருக்கும். மேலே சொன்ன மூன்றிலும் அது மரை வைத்துத் திருகும் ரகம், அதனால் சும்மா கழன்று விழாது. திருகி அப்படியே விட்டுவைப்பது உத்தமம். மேடை ஏறிய பிறகு "மச்சி, அடாப்டர் இருக்கா?" என்று கூட்டத்தில் தேடுபவனுக்கு யாரும் கொண்டுவந்து தரப்போவதில்லை.